மூடி இல்லாத ரம்பம்

அந்த மனிதர் மரச்சீவலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவ்வளவு மெல்லிசு. அவருடைய விரல் அதற்குப் பின்னால் சிவப்பாகத் தெரிந்தது.

"பென்சில் கோடுகூடப் போடலையே நீங்க" என்றார்.

மதுரை காளவாசலில் பைபாஸ் பக்கம் திரும்பினால், ஒரு டயர் கடைக்குப் பின்னால் அப்போது என் பட்டறை இருந்தது. தகரக் கூரை. மரத்தூளும் கார் புகையும் கலந்த வாசனை. வந்திருந்தவர் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. நாகமலைப் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் நின்ற வேம்புகளை வெட்டி, பலகையாக அறுத்து, லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மனைவியோடு வந்திருந்தார். வீட்டுக் கதவுகள் எல்லாமே அந்த மரத்தில்தான் வேண்டுமாம்.

நான் ஒரு பலகையை நிமிர்த்தி வைத்து, விரல் முட்டியால் தட்டினேன். காதை அருகில் கொண்டுபோனேன். இன்னொன்றையும் தட்டினேன்.

"நல்லாக் காஞ்சிருக்கு சார். வேலைக்கு எடுத்துக்கலாம்."

பின்னால் சிக்கந்தர் நின்றார். கோரிப்பாளையத்துக்காரர். பத்து வருடங்களுக்கு மேல் என்னோடு வேலை பார்த்தவர். பட்டறையின் மெஷின் வேலை முழுக்க அவர் பொறுப்பு. மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, போன மழைக்குத்தான் வெட்டியிருப்பாக போல. மீட்டரை வச்சு ஒரு தடவை பாத்துருவோமே."

மரத்தில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று காட்டும் சின்ன மீட்டர் அது. இரண்டு ஊசி இருக்கும். அவரே வாங்கி வைத்திருந்தார்.

"மரத்துக்கு என்ன காச்சலா மாப்ள, மீட்டர் வைக்க?" என்றேன்.

வந்தவர்கள் சிரித்தார்கள். சிக்கந்தரும் சிரித்தார்.

அதன் பிறகுதான் மேசையில் பொருத்திய மின் ரம்பத்தை ஓடவிட்டு, அளவும் கோடும் இல்லாமல் அந்தச் சீவலை எடுத்துக் காட்டினேன். பிளேடின் மேல் இருக்க வேண்டிய மூடியை நான் கழற்றிப் போட்டு வெகுநாள் ஆகியிருந்தது. வெறும் பற்கள் சுழல்வதைப் பார்த்து அந்த அம்மாள் ஓர் அடி பின்னால் போனார்.

"பரம்பரைக் கை. அதான்" என்றார் அவருடைய கணவர்.

நான் மறுக்கவில்லை.

ஒரு வாசகர் கேட்டது

நான் எழுதிவரும் இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகர் சில வாரங்களுக்கு முன்னால் எழுதியிருந்தார். ஓய்வு நேரத்தில் மரவேலை கற்றுக்கொள்ள ஆசையாம். எந்தக் கருவி வாங்கலாம், இந்தத் தொழிலில் எதெல்லாம் வெறும் பேச்சு என்று சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்.

பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். பட்டியல் போடுவது சுலபம். அந்தப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொன்றையும் வாயால் விற்றவன் நான் என்பதுதான் சிக்கல்.

பர்மா தேக்கில் ஆரம்பிக்கிறேன். மதுரையில் எந்த மரக்கடைக்குப் போனாலும் பர்மா தேக்குதான். அத்தனையும் பர்மாவிலிருந்து வந்திருந்தால் அங்கே இந்நேரம் ஒரு செடிகூட மிஞ்சியிருக்காது. நல்ல தேக்கு நல்ல மரம்தான். ஆனால் சரியாகக் காயாத தேக்கைவிடச் சரியாகக் காய்ந்த வேம்பு மேல். ஐப்பசி மழையில் உப்பிப்போய்ச் சாத்த முடியாமல் நின்ற பர்மா கதவுகளை நானே சீவிக் கொடுத்திருக்கிறேன். "மழை அப்படிங்க" என்று சொல்லிவிட்டு வருவேன். மரம் ஈரம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அடுத்தது ஆணியே இல்லாத கதவு. ஒரு சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி இன்னொன்றின் துளையில் செருகிப் பூட்டியது, நூறு வருடம் நிற்கும் என்போம். கேட்கவே நன்றாக இருக்கும். நான் அப்படிச் சொல்லி விற்ற கதவுகளில் பாதிக்கு ஸ்க்ரூ இருக்கிறது. மேலே மரக்கட்டை வைத்து அடைத்து, இழைத்து, பாலீஷ் போட்டிருக்கிறேன். வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். அவை நன்றாகத்தான் நிற்கின்றன. ஸ்க்ரூ நல்ல பொருள்.

ஜப்பான் ரம்பம் ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். தள்ளி அறுப்பதல்ல, இழுத்து அறுப்பது. வாகை மரத்தின் கணுவில் வைத்த முதல் வாரமே பல் உதிர்ந்தது. அதைத் துடைத்து, வருகிறவர்கள் கண்ணில் படும்படி சுவரில் மாட்டி வைத்தேன். அதைப் பார்த்தே எனக்கு வேலை கொடுத்தவர்கள் உண்டு.

பரம்பரைக் கை

இவற்றையெல்லாம்விடப் பெரிய பேச்சு இதுதான். தச்சு வேலை ரத்தத்தில் வர வேண்டும் என்பது.

என் ரத்தத்தில் பருத்தியும் சோளமும்தான் இருந்தன. டி. கல்லுப்பட்டிக்கு மேற்கே கரிசல் காட்டில் விவசாயம் பார்த்த குடும்பம் எங்களுடையது. நான் ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு மதுரையில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே மேஸ்திரியாக இருந்த பரம்பரைத் தச்சர் நான் இழைத்த சட்டத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். குறை எதுவும் கிடைக்கவில்லை போலும். "காட்டுல களை எடுக்குற கைக்கு இது சாஸ்தி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு வந்தது நியாயமான கோபம். ரத்தத்துக்கும் இழைப்புளிக்கும் சம்பந்தமில்லை என்று அந்தக் கோபத்தோடு சொல்லியிருக்கலாம். சொல்லாமல், எனக்கும் அந்த ரத்தம் இருக்கிறது என்று காட்டக் கிளம்பினேன்.

பரம்பரைத் தச்சர்கள் அளவு போட்டார்கள். நான் கண்ணளவில் அறுத்தேன். அவர்கள் மரத்தைக் காய வைத்தார்கள். நான் தட்டிப் பார்த்தேன். அவர்களில் எத்தனையோ பேர் ரம்பத்துக்கு மூடி வைத்திருந்தார்கள். நான் கழற்றினேன். தொழில் தெரிந்தவனுக்கு எதற்கு மூடி?

சிக்கந்தருக்கு இந்த வியாதி எதுவும் கிடையாது. அவருடைய அத்தா பூ மார்க்கெட்டில் சுமை தூக்கியவர். சிக்கந்தர் ஸ்க்ரூ போடுவார், பிளைவுட்டில் வேலை செய்வார், இரண்டு முறை அளப்பார். போனைச் சட்டைப் பையில் போட்டு, சட்டையை வாசல் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடுதான் மெஷின் பக்கம் வருவார். அவருடைய வேலையில் சத்தமும் இல்லை, வித்தையும் இல்லை. அவர் செய்த கதவு திரும்பி வந்ததும் இல்லை.

எடைக்குப் போனது

வேப்பம்பலகைகள் வந்த மறுநாளோ அதற்கு மறுநாளோ, சிக்கந்தர் பரண் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ள தேடுற?"

"ரம்பத்தோட மூடிண்ணே. இங்கனதான் கெடந்துச்சு."

"அதெல்லாம் எடைக்குப் போட்டாச்சு. பழைய கீலு, தாப்பாளோட சேந்து போயிருச்சு."

அவர் இறங்கி வந்தார். "அதுல பின்னாடி ஒரு தகடு இருக்குமேண்ணே, அதும் போச்சா?"

அந்தத் தகட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிளேடுக்குப் பின்னால் நிற்கும். அறுபட்ட மரம் திரும்ப ஒட்டிக்கொண்டு பிளேடைக் கவ்வாமல் அது தடுக்கும். பார்க்க ஒன்றுமே இல்லாத இரும்புத் துண்டு.

"வேம்பு முறுக்கும்ண்ணே. ஈரமா வேற இருந்தா, பிளேடக் கவ்விக்கிட்டு தூக்கி எறிஞ்சுரும். காமராசர் சாலையில கேட்டா கெடைக்கும். நான் வேணா போய் வாங்கிட்டு வாரேன்."

"பயமா இருந்தா சொல்லு மாப்ள. நான் அறுத்துக்கிறேன்."

சுற்றி நான்கைந்து பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சிரித்தார். சிக்கந்தர் கையைத் துடைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு மூடி பற்றி அவர் கேட்கவே இல்லை. அப்படி ஒரு வார்த்தை காதில் விழுந்த பிறகு யார்தான் கேட்பார்கள்?

செவ்வாய்க்கிழமை

முற்பகல். நான் வாசலில் ஒரு கீல் வியாபாரியிடம் பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே ரம்பம் ஓடுவது கேட்டது. பழகிய காதுக்கு அந்தச் சத்தம் மூச்சு மாதிரி, இருப்பதே தெரியாது. திடீரென்று அது கனத்தது. உறுமியது. பிறகு தகரச் சுவரில் ஏதோ வந்து மோதிய பெரிய சத்தம்.

நான் உள்ளே ஓடினேன். மோதியது அந்த வேப்பம்பலகை. சிக்கந்தர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அலறவில்லை. "அண்ணே, மெஷின ஆஃப் பண்ணுங்க" என்றார்.

வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை.

துண்டைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றினோம். கிளம்பும்போது யாரோ அவருடைய சட்டையை எடுத்து என் மடியில் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோன பிறகு, அந்தச் சட்டையோடு நான் நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன். பையிலிருந்து போன் நழுவி விழுந்தது. எடுத்தேன். எடுக்காத அழைப்பு ஒன்று இருந்தது. "வீடு" என்று காட்டியது.

அவர் மனைவி நஸ்ரீன் ஓடி வந்தார். துப்பட்டா தோளிலிருந்து நழுவியிருந்தது, அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"எப்படிண்ணே ஆச்சு? அம்புட்டுக் கவனமா இருப்பாகளே."

மூடியைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு நொடி இருந்தது. உண்மையாகவே இருந்தது. அந்த நொடியில் கையிலிருந்த போனைப் பார்த்தேன்.

"போன் வந்துச்சும்மா. அதை எடுக்கப்போயி, கவனம் தப்பிருச்சு."

நஸ்ரீனின் முகம் மாறியதைப் பார்த்தேன். ஏன் மாறியது என்று யோசிக்கவில்லை. நான் தப்பித்துவிட்டேன் என்பது மட்டும்தான் அப்போது என் மனதில் ஓடியது.

பட்டறைக்குத் திரும்பியதும் சிக்கந்தரின் மீட்டரை எடுத்து அந்த வேப்பம்பலகையில் குத்திப் பார்த்தேன். அது காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு, மீட்டரை டிராயருக்குள் போட்டுப் பூட்டினேன்.

வாய் வார்த்தை

ஒரு முறை சொன்ன பொய்யைக் காப்பாற்ற மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. மரக்கடையில் கேட்டார்கள், சொன்னேன். டீக்கடையில் கேட்டார்கள், சொன்னேன். கொஞ்ச நாளில் நான் சொல்லாமலே ஊர் சொன்னது. "போன் பாத்துக்கிட்டே அறுத்தாராம்ல" என்று என்னிடமே வந்து சொன்னவர்கள் உண்டு. தலையை ஆட்டினேன்.

சிக்கந்தர் சில மாதம் கழித்து வேலைக்கு வந்தார். பாலீஷ் வேலை கொடுத்தேன். நான் பரப்பிய பேச்சு அதற்குள் அவர் காதுக்கும் போயிருக்க வேண்டும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் கை என் கண்ணில் படாதபடி நான் வேறு பக்கம் நடந்தேன். ஒரு நாள் அவரே வேலையை விட்டு நின்றுகொண்டார்.

ஊருக்கு வெளியே கிச்சன் அலமாரி செய்யும் பெரிய பட்டறை ஒன்றில் அவர் வேலை கேட்டிருக்கிறார். மெஷின்களை மேற்பார்வை பார்க்கும் வேலை. மூன்று விரல் போதும். அங்கிருந்து என்னை விசாரித்தார்கள்.

"வேலை தெரிஞ்ச ஆளுதான்" என்றேன். "கவனம்தான் கொஞ்சம்..." என்று இழுத்து நிறுத்தினேன்.

அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. முதல் பொய்யைப் பயத்தில் சொன்னேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. அவர் அங்கே நன்றாக வேலை பார்த்தால் என் கதையை யாரும் நம்ப மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அப்படிச் சொன்னேன்.

ரிஸ்வானா

வருடங்கள் ஓடின. சிக்கந்தர் கோரிப்பாளையத்தில் ஒரு பிளைவுட் கடையில் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பக்கம் போவதைத் தவிர்த்தேன். ஆற்றுக்கு வடக்கே வேலை வந்தால் வேறு ஆளை அனுப்பினேன்.

போன வருடம் ஒரு நாள், மதியச் சாப்பாடு முடிந்த நேரம். ஒரு பெண் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பட்டறைக்குள் வந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். அலமாரி ஆர்டர் கொடுக்க வந்தவள் என்றுதான் நினைத்தேன்.

"நான் சிக்கந்தர் மகள். ரிஸ்வானா" என்றாள்.

நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அத்தாவுக்குக் கை போன அன்னைக்கு, போன் மணி அடிச்சப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"ஏம்மா கேக்குற?"

"கூப்புட்டது நான். அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். ஸ்கூலுக்குப் போகல. வரும்போது ஆரஞ்சு வாங்கிட்டு வாங்கன்னு சொல்ல, அம்மா போன்ல இருந்து கூப்புட்டேன். ரிங் போச்சு. எடுக்கல. எனக்கு இந்த மாசம் நிக்காஹ். அந்த வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி நிசமாத் தெரிஞ்சுக்கணும். என்னாலதானா?"

எட்டு, ஒன்பது வயதில் ஆரஞ்சு கேட்ட குழந்தை. அன்றிலிருந்து அவள் இதைச் சுமந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நஸ்ரீனின் முகம் ஏன் அப்படி மாறியது என்று அந்த நிமிடம்தான் எனக்குப் புரிந்தது.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். போன் சட்டைப் பையில் இருந்ததை, சட்டை வாசலில் தொங்கியதை, மெஷின் சத்தத்தில் அந்த மணி உள்ளே கேட்டிருக்கவே முடியாது என்பதை, மூடியை, தகட்டை, ஈர மரத்தை.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

"அத்தா இதையேதான் சொன்னாக" என்றாள். "நானும் அம்மாவும்தான் நம்பல. என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாகன்னு நெனச்சோம். ஊரே வேற மாதிரில சொல்லுச்சு."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"என்ட்ட மட்டும் சொல்லி என்ன பிரயோசனம்? ஊருலதான சொன்னீங்க. ஊருலயே போய்ச் சொல்லுங்க."

ஊரில் சொன்னது

முதலில் சிக்கந்தரிடம் போனேன். தர்காவைத் தாண்டிய சந்தில் அந்தக் கடை. லோடு வண்டியில் ஏற்றிய பிளைவுட்டைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். மூன்று விரலால் அவர் முடிச்சை இறுக்கிய வேகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"மக வந்தாளாம்ல" என்றார், திரும்பாமலே.

"சொல்லிட்டேன் மாப்ள."

"இப்ப மாப்ளன்னு கூப்புட வேணாம்ண்ணே."

சரி என்றேன்.

"வெரல் போனது பழகிருச்சு. எம் புள்ள என்னைய நம்பல பாருங்க, அது பழகவே இல்ல. எத்தனை வருசம். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்." இன்னொரு முடிச்சைப் போட்டார். "ஒங்க பேச்சு எடுபட்டுச்சு, எம் பேச்சு எடுபடல."

இதை எழுதப் போவதாகச் சொன்னேன். வேண்டுமானால் பெயரை மாற்றி எழுதுகிறேன் என்றேன்.

"எதுக்கு மாத்தணும்? பொய்யி எம் பேர்லதான சுத்துது. நெசமும் எம் பேர்லயே சுத்தட்டும்."

அவ்வளவுதான். டீ சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஆறுதலாக எடுத்துக்கொண்டிருப்பேன். அது அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

ரிஸ்வானாவின் நிக்காஹுக்கு எனக்கு அழைப்பு வரவில்லை.

பிறகு ஒவ்வோர் இடமாகப் போனேன். கிச்சன் அலமாரிப் பட்டறையில் அன்று விசாரித்தவர் இப்போது அங்கே இல்லை. இருந்தவருக்குச் சிக்கந்தர் யாரென்றே தெரியவில்லை. டீக்கடையில் கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்ப எதுக்குண்ணே அதெல்லாம்" என்றார்.

கடைசியாக, இருபது வருடமாக நான் மரம் வாங்கும் கடைக்குப் போனேன். முதலாளி என்னை உட்கார வைத்துக் கேட்டார். நான் முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"பெரிய மனசுண்ணே ஒங்களுக்கு. கூட வேலை பாத்தவருக்காக அவர் தப்பைத் தூக்கி ஒங்க தலையில வச்சுக்கிறீங்க. இந்தக் காலத்துல யாரு இப்படி இருக்கா?"

"இல்லண்ணே, நெசமாவே நான்தான்..."

"தெரியும்ண்ணே, தெரியும். நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க. ஒங்களுக்கா தொழில் தெரியாது?"

எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. வாசல் வரை வந்து வழியனுப்பினார். அங்கே நின்ற இன்னொரு வாடிக்கையாளரிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். அவர் மரியாதையோடு கும்பிட்டார்.

அதனால்தான் இதை அச்சில் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு என் மனசைப் பாராட்டி யாரும் கடிதம் போட வேண்டாம். மூடியைக் கழற்றியதும் எடைக்குப் போட்டதும் நான். ஈர மரத்தைக் காய்ந்தது என்றது நான். கேட்டவரைப் பயந்தவர் என்றதும் நான்.

சிக்கந்தர் கவனமாகத்தான் அறுத்தார்.